நிணநீர் நாளத்தைத் தேடுதல்: வீங்கிய கை கால்களை அல்ட்ராசவுண்டில் ஆராயும் முறை

சிரைகளையும் தமனிகளையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, திசுக்களில் மிஞ்சும் திரவத்தை வடித்துச் செல்லும் நிணநீர் நாளம் எளிதில் அகப்படுவதில்லை. கை கால்களின் கொழுப்பு அடுக்கில் ஓடும் சேகரிப்பு நாளங்கள் பெரும்பாலும் 1 மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலம் கொண்டவை. அவற்றுள் நகரும் திரவத்தில் சிவப்பணுக்கள் கிட்டத்தட்ட இல்லை, நகர்வும் மிக மெதுவானது என்பதால், இரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் டாப்ளர் முறையில் நிறமும் ஏறுவதில்லை. இக்காரணங்களால்தான் நிணநீர் மண்டலத்தைப் படமெடுக்க, கதிரியக்கப் பொருளை ஊசியால் செலுத்தும் சிண்டிகிராஃபியையும், பின்னாளில் தோலுக்கடியில் ஒளிரும் இண்டோசயனின் பச்சைச் சாயத்தையும் மருத்துவர்கள் பெரிதும் நம்பியிருந்தனர். உயர் அதிர்வெண் புரோபுகள் (ஒலியலையை அனுப்பிப் பெறும் கையடக்க முனைகள்) பரவலான பிறகு நிலைமை மாறியிருக்கிறது. ஊசியோ கதிர்வீச்சோ இல்லாமல், நோயாளியின் படுக்கையருகிலேயே அந்த நாளங்களை இன்று பார்க்க முடிகிறது.

ஆனால் கருவி மட்டும் போதாது. நிணநீர் நாளத்துக்கென்று கண்டவுடன் தெரியும் தனித்த தோற்றம் கிடையாது என்பதை முதலிலேயே ஏற்றுக்கொண்டால் பாதிக் குழப்பம் நீங்கிவிடும். நிறம் ஏறாது, இலேசான அழுத்தத்துக்கு மடியாது, அருகிலுள்ள சிரையோடு சேராது என்று, அது எவற்றையெல்லாம் செய்வதில்லை என்பதைக் கொண்டே அதை அடையாளம் காண்கிறோம். அதற்குத் தேவையானவை இலேசான கையும், ஒரு புள்ளியை விடாமல் பின்தொடரும் பொறுமையும்.

கருவியும் அதிர்வெண்ணும்

ஒலி உடல் திசுக்களில் நொடிக்கு ஏறத்தாழ 1540 மீட்டர் வேகத்தில் செல்கிறது. இந்தக் கணக்கில் 10 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 0.15 மில்லிமீட்டர், 18 மெகாஹெர்ட்ஸில் 0.09 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 70 மெகாஹெர்ட்ஸில் 0.02 மில்லிமீட்டரை ஒட்டியது. அரை மில்லிமீட்டர் நாளத்தின் சுவரையும் உள்வெளியையும் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் அலைநீளம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது இதிலிருந்தே விளங்கும். அதே நேரத்தில் அதிர்வெண் கூடக்கூட அலை ஊடுருவும் ஆழம் குறைகிறது. 70 மெகாஹெர்ட்ஸ் புரோபு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் ஆழம் வரைதான் பயன்படும். தடித்துப் போன தொடையில் தேட வேண்டிய நாளம் அதற்குக் கீழே இருந்தால், அந்த விலையுயர்ந்த புரோபினால் பயனில்லை.

அன்றாட வேலைக்கு 15 முதல் 24 மெகாஹெர்ட்ஸ் வரையிலான நேர்வரிசைப் புரோபு போதுமானது. நிணநீர் நாளத்தைத் தேடும் திறமையை இதிலேயே வளர்த்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. மிகை அதிர்வெண் கருவி படத்தை அழகாக்கும். ஆனால் எது சிரை, எது நாளம் என்ற முடிவை எடுத்துத் தராது. ஆழத்தை 2 அல்லது 3 சென்டிமீட்டருக்குக் குறைத்து, குவியப் புள்ளியைக் கொழுப்பு அடுக்கின் நடுவில் வைத்து, தேவையில்லாத ஆழத்தைத் திரையிலிருந்து விலக்கிவிடுங்கள். டாப்ளரில் வேக அளவைக் குறைந்த நிலைக்கு இறக்கி, மெதுவான அசைவுகளை நீக்கிவிடும் சுவர் வடிகட்டியையும் தாழ்த்தி, திரையில் நிறப்புள்ளிகள் இரைச்சலாகச் சிதறத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே கெயினை (சமிக்ஞையின் பெருக்க அளவை) நிறுத்த வேண்டும். வேகமான ஓட்டத்துக்கு அமைத்த டாப்ளரில் சிறிய சிரைகளும் நிறமற்றுத் தோன்றும் என்பதால், அப்படியே வைத்துப் பார்த்தால் எல்லாமே நிணநீர் நாளமாகத் தெரியும்.

புரோபைத் தொடும் முன்

நோயாளியிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. வீக்கம் எப்போது, உடலின் எந்த முனையிலிருந்து தொடங்கியது, புற்றுநோய் அறுவையோ நிணநீர் முடிச்சு நீக்கமோ கதிர்வீச்சோ நடந்ததா, காய்ச்சலோடு தோல் சிவந்து வலிக்கும் தொற்று எத்தனை முறை வந்தது, யானைக்கால் நோய் பரவியுள்ள பகுதியில் வாழ்ந்திருக்கிறாரா என்பவை படத்தின் பொருளையே மாற்றக்கூடியவை. அழுத்த உறை அணிபவர் என்றால் அதைக் கழற்றி எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். காலையில் உறையைக் கழற்றியவுடன் எடுத்த படத்தையும், நாள் முழுதும் நின்று வேலை செய்த பின் மாலையில் எடுத்த படத்தையும் ஒப்பிட்டு நோய் கூடிவிட்டது என்று எழுதுவது எளிதில் நேரும் தவறு.

அறை குளிர்ந்திருந்தால் மேலோட்டச் சிரைகள் சுருங்கிவிடும்; எனவே அறையும் ஜெல்லும் இதமான சூட்டில் இருக்கட்டும். காலைப் பார்க்கும்போது நோயாளி மல்லாந்து படுத்து, முழங்காலைச் சற்று மடக்கி, தொடையை வெளிப்புறம் சாய்த்திருந்தால் உட்புறத் தொடை முழுதும் கைக்கெட்டும். கையைப் பார்க்கும்போது உள்ளங்கை மேலே நோக்கியிருக்க, கையை உடலிலிருந்து விலக்கித் தலையணையில் தாங்க வேண்டும். ஜெல்லைத் தாராளமாக, ஒரு மெத்தை போலக் குவித்துப் போடுங்கள். புரோபு தோலின் மீது அமராமல் ஜெல்லின் மீது மிதக்க வேண்டும். திரையின் மேல்விளிம்பில் தோலுக்கு மேல் மெல்லிய கருப்புப் பட்டையாக ஜெல் தெரிந்தால் அழுத்தம் சரியாக இருக்கிறது என்று கொள்ளலாம்.

முதலில் விலக்க வேண்டியவை

வீங்கிய காலெல்லாம் நிணநீர் வீக்கம் ஆகாது. ஆழ்சிரையில் இரத்தக் கட்டி இருக்கிறதா என்று பார்க்காமல் கொழுப்பு அடுக்கின் நுணுக்கங்களில் இறங்குவது ஆபத்து. கவட்டையிலிருந்து கெண்டைக்கால் வரை ஆழ்சிரைகளைச் சிறுசிறு இடைவெளியில் அழுத்தி, ஒவ்வொரு இடத்திலும் சிரை முழுதாக மடிகிறதா என்று பார்த்துவிட வேண்டும். நாட்பட்ட வீக்கத்தில் சிரை வால்வுகளின் பின்னொழுக்கையும் சோதிப்பது தேவை, ஏனெனில் சிரைக் குறைபாடும் நிணநீர்க் குறைபாடும் ஒரே காலில் சேர்ந்தே இருப்பது அரிதல்ல.

அக்குளிலும் கவட்டையிலும் உள்ள நிணநீர் முடிச்சுகளையும் பாருங்கள். இயல்பான முடிச்சு நீள்வட்டமாக, நடுவில் வெளிர்நிறக் கொழுப்பு மையத்தோடு, சுற்றிலும் மெல்லிய கரும்பட்டையோடு இருக்கும். அக்குள் முடிச்சில் அந்தப் பட்டை 3 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தாலோ, கொழுப்பு மையம் மறைந்து முடிச்சு உருண்டையாகியிருந்தாலோ மேற்கொண்டு ஆராய வேண்டும். புற்றுநோய்ச் சிகிச்சை முடித்து ஆண்டுகள் கழிந்த ஒருவருக்கு வீக்கம் திடீரென்று வலியோடு கூடினால், நோய் திரும்பியிருக்கும் வாய்ப்பை எண்ணாமல் அறிக்கையை முடித்துவிடக் கூடாது.

திசு அடுக்குகள் சொல்வது

இனி வீக்கத்தின் தன்மைக்கு வரலாம். கணுக்கால் எலும்பு, முழங்கால் சில்லின் விளிம்பு, முழங்கை மடிப்பு போன்ற நிலையான அடையாளத்திலிருந்து அளந்த தூரங்களில், இரு பக்கமும் ஒரே இடங்களில் பார்க்க வேண்டும். தோலின் தடிமன், தோலடிக் கொழுப்பு அடுக்கின் தடிமன் இரண்டையும் அளந்து எழுதுங்கள். தனி எண்ணைவிட மறுபக்கத்தோடு உள்ள வேறுபாடே பேசும். இரு பக்கமும் வீங்கியிருந்தால் இந்த ஒப்பீடு கைகொடுக்காது. அப்போது அதே நோயாளியின் முந்தைய படங்களே அளவுகோல்.

இயல்பான தோலடிக் கொழுப்பு கருமையாகவும், அதனூடே தோலுக்கு ஏறக்குறைய இணையாக வெண்மையான இணைப்புத் திசுக் கோடுகள் ஓடுவதாகவும் காட்சி தரும். நிணநீர் வீக்கத்தில் முதலில் கொழுப்பு முழுவதும் வெளிறத் தொடங்குகிறது. கோடுகள் இன்னும் தெரிகின்றன. நோய் முற்றும்போது கோடுகளும் அந்த வெளிறலில் கரைந்துவிடுகின்றன. இதைப் பூச்சியம், ஒன்று, இரண்டு என்று தரப்படுத்தி எழுதும் வழக்கம் உண்டு. அதேபோல, திரவம் தேங்கி எதிரொலியின்றிக் கருமையாகத் தெரியும் இடைவெளிகளையும் தரப்படுத்தலாம்: இல்லை என்றால் பூச்சியம், கிடைமட்டமாக மட்டும் இருந்தால் ஒன்று, கிடைமட்ட இடைவெளிகளைச் செங்குத்தானவை இணைத்து வலைபோலப் பின்னியிருந்தால் இரண்டு. இந்த இரண்டு எண்களையும் தொடையின் உட்புறம், வெளிப்புறம், கெண்டைக்காலின் உட்புறம், வெளிப்புறம் என்று இடம்வாரியாகப் பதிந்தால், வீக்கம் எங்கே திரவமாக இருக்கிறது, எங்கே திசுவாக இறுகிவிட்டது என்பதற்கு ஒரு வரைபடமே கிடைத்துவிடும். திரவம் மிகுந்த இடம் அழுத்தக் கட்டுக்கு இணங்கிக் குறையும். இறுகிய திசு அவ்வளவு எளிதில் குறையாது. சிகிச்சையாளருக்குப் பயன்படுவது இந்தப் பிரிவுதான்.

கொழுப்புத் துணுக்குகளைச் சுற்றித் திரவம் ஓடி, பதித்த கூழாங்கற்கள் போன்று தோன்றும் காட்சி நிணநீர் வீக்கத்துக்கு மட்டும் உரியதல்ல. இதய, சிறுநீரகக் கோளாறுகளால் வரும் வீக்கத்திலும், தோலடித் தொற்றிலும் அதே காட்சி வரும். படத்தை மட்டும் வைத்து நோயின் பெயரை எழுதிவிட முடியாது. கொழுப்புப் படிவு நோயான லிப்பிடீமாவில் நிலைமை வேறு: கொழுப்பு அடுக்கு தடித்திருக்கும், ஆனால் தோல் தடிக்காது, கரும் இடைவெளிகள் பொதுவாக இருக்காது, பாதத்தின் மேற்பகுதியும் வீங்குவதில்லை. நீண்ட நாள் நிணநீர் வீக்கத்திலோ தோல் தடித்து, திரையில் கருத்து, தோலுக்கும் கொழுப்புக்கும் இடையிலுள்ள எல்லைக்கோடு மங்கிப்போவது வழக்கம்.

நாளத்தைக் கண்டுபிடித்தல்

தேங்கும் நிணநீரைச் சிரைக்குத் திருப்பிவிடும் நிணநீர்–சிரை இணைப்பு அறுவைக்குமுன் வேலை செய்யும் நாளம் எங்கே ஓடுகிறது என்று குறித்துத் தருவதுதான் இந்தப் பரிசோதனையில் மிகவும் கடினமான பகுதி, மிகவும் பயன் தருவதும் கூட. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த நாளத்தை அதே அளவுச் சிரையோடு நுண்ணோக்கியின் கீழ்த் தைக்கும் அறுவை மருத்துவர், எங்கே தோலைத் திறப்பது என்பதற்கு உங்கள் மைக்குறியை நம்பியிருப்பார்.

காலில் தேடலைப் பெருஞ்சிரையை ஒட்டித் தொடங்குவது எளிது. உட்புறக் கணுக்காலின் முன்னிருந்து கவட்டை வரை ஏறும் அந்தச் சிரையைச் சுற்றியே நிணநீர் நாளக் கற்றை ஒன்று மேலேறுகிறது. புரோபைக் குறுக்காக வைத்துச் சிரையைக் கண்டுகொண்டு, அதன் இரு பக்கமும் சில சென்டிமீட்டர் தூரத்துக்குப் பார்வையை விரியுங்கள். கொழுப்பு அடுக்கின் நடுவே ஓடும் வெண்ணிறக் கோடாகத் தெரிவது மேலோட்டத் திசுப்படலம். பயன்படக்கூடிய சேகரிப்பு நாளங்கள் பெரும்பாலும் அந்தப் படலத்தை ஒட்டியோ அதற்குச் சற்றுக் கீழேயோ கிடக்கின்றன. படலத்துக்கு மேலே தோலை ஒட்டித் தெரிவனவற்றில் சிறு சிரைகளும், தேங்கிய திரவத்தின் இடைவெளிகளுமே அதிகம்.

ஒரு சிறு கரும்புள்ளி தென்பட்டால், படத்தை உறைய வைக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். அதை மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள். தேங்கிய திரவ இடைவெளி என்றால் இரண்டு சென்டிமீட்டருக்குள் உருமாறி, பிரிந்து, கலைந்துவிடும். நரம்பு என்றால் குறுக்குவெட்டில் தேன்கூடு போலச் சிறுசிறு கருவட்டங்களோடு வெளிர்ச் சுற்று தெரியும். சிரை என்றால் சற்றுத் தூரத்தில் வேறொரு சிரையில் போய்ச் சேரும், அல்லது கிளை ஒன்று அதில் வந்து சேரும். நிணநீர் நாளம் நெடுந்தூரம் ஏறத்தாழ ஒரே அகலத்தில், பிற நாளங்களுக்கு இணையாக ஓடுகிறது. வழியில் சிரை குறுக்கிட்டால் அதைக் கடந்து போகிறதே தவிர அதில் கலப்பதில்லை. இந்தக் கடத்தல் காட்சி கிடைத்துவிட்டால் ஐயம் பெருமளவு தீர்ந்துவிடும். நான் முதலில் தேடுவது இதைத்தான்.

அடுத்தது அழுத்தச் சோதனை. புரோபைச் சற்றே அழுத்தினால் அருகிலுள்ள சிறு சிரை உடனே மடிந்து மறையும். நிணநீர் நாளம் வடிவம் குலைந்தாலும் அதே அழுத்தத்தில் திறந்தே நிற்கும். நோயில் சுவர் தடித்த நாளத்தில் இந்த வேறுபாடு கூடுதல் தெளிவு. மாறாக, நோய்படாத மெல்லிய நாளம் சற்றுக் கூடுதலான அழுத்தத்தில் சிரையைப் போலவே மறைந்துவிடும். ஆகவே அழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, எது முதலில் மறைகிறது என்று பார்ப்பதே சரி.

மூன்றாவது டாப்ளர். நிறம் வரவில்லை என்பதாலேயே அது நிணநீர் நாளம் ஆகிவிடாது. ஓட்டம் மந்தமான சிறு சிரையிலும் நிறம் வராது. புரோபுக்கு அப்பால், விரல்நுனிப் பக்கம் உள்ள பகுதியைக் கையால் மெதுவாகப் பிசைந்து விடுங்கள். சிரையென்றால் அந்த நொடியில் நிறம் பாய்ந்து வரும். பல முறை பிசைந்தும் வராவிட்டால்தான் நிறமின்மையைச் சான்றாகக் கொள்ளலாம். குறுக்குவெட்டு வடிவமும் சிறிது உதவும். சிரை வட்டமாகவோ தட்டையான நீள்வட்டமாகவோ இருக்க, நிணநீர் நாளம் கோணலான, ஓரம் பிசிறிய உருவமாகத் தெரிவது உண்டு. ஆயினும் வடிவத்தை மட்டும் நம்பி முடிவெடுப்பது பாதுகாப்பல்ல.

இந்தச் சோதனைகளில் ஒன்று மட்டும் தேறினால் அது ஊகம். கடத்தல், மடியாமை, நிறமின்மை, இணையோட்டம், படலத்தின் கீழ் இருப்பிடம் ஆகியவற்றுள் பலவும் ஒன்றையே சுட்டினால் குறியிடலாம்.

குறியிடுவதற்கு எளிய உத்தி ஒன்று உண்டு. நிமிர்த்திய காகிதக் கிளிப்பின் கம்பியைப் புரோபுக்கும் தோலுக்கும் இடையே நுழைத்தால், அதன் நிழல் திரையில் செங்குத்துக் கருங்கோடாக விழும். அந்தக் கோடு நாளத்தின் மேல் பொருந்தும்வரை கம்பியை நகர்த்தி, அந்த இடத்தில் தோலில் புள்ளி வையுங்கள். ஓரிரு சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு புள்ளி வைத்து இணைத்தால் நாளத்தின் திசையும் கிடைத்துவிடும். தோல் கொழுப்பின் மேல் வழுக்கும் தன்மையது. ஆகவே அறுவை மேசையில் கால் எப்படி வைக்கப்படுமோ அதே நிலையில் வைத்துத்தான் குறிக்க வேண்டும். அருகில் இணைக்கத் தகுந்த சிரை இருந்தால் அதை வேறு நிறத்தில் குறித்து, ஆழத்தையும் அகலத்தையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

நாளத்தின் நிலையை மதிப்பிடுதல்

கண்டுபிடித்த நாளம் எந்த நிலையில் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. நோய் முற்றும் வழியில் நாளம் முதலில் விரிகிறது. பிறகு சுவரின் தசை தடித்து உள்வெளி சுருங்குகிறது. கடைசியில் உள்வெளி அடைபட்டு நாளம் இறுகிய கயிறாகிறது. ஜப்பானிய அறுவை மருத்துவர்கள் முன்வைத்த நெக்ஸ்ட் (NECST) வகைப்பாடு இயல்பு, விரிவு, சுருக்கம், இறுக்கம் என்று இதைத்தான் வரிசைப்படுத்துகிறது. திரையில் விரிந்த நாளம் மெல்லிய சுவரும் அகன்ற கருமையும் கொண்டது. சுருங்கிய நாளத்தில் சுவர் தடித்த வெண் வளையமாக, நடுவில் சிறு கரும்பொட்டோடு தெரியும். இறுகியதில் கருமையே இராது. விரிந்த நாளத்தை இணைப்பு அறுவைக்கு மருத்துவர்கள் விரும்புவார்கள், அதில் நிணநீர் தேங்கியிருக்கிறது, தைக்கவும் எளிது என்பதால். ஒரே காலில், ஏன், ஒரே நாளத்திலேயே தொடையில் ஒரு நிலையும் கெண்டைக்காலில் இன்னொரு நிலையும் இருக்கலாம். ஓரிடத்தைப் பார்த்துவிட்டு முழுக் காலுக்கும் தீர்ப்பெழுத வேண்டாம்.

இண்டோசயனின் சாயப் படம் கையில் இருந்தால் அதையும் சேர்த்தே வாசியுங்கள். சாயம் நேர்கோடாகத் தெரியும் இடத்தில் இரண்டும் ஒத்துப் போகும். சாயம் தோலில் பின்வாங்கிப் பரவி எல்லாவற்றையும் மூடிவிட்ட இடத்தில்தான் அல்ட்ராசவுண்டின் அருமை தெரியும். சாயத்தின் ஒளி ஏறத்தாழ 2 சென்டிமீட்டருக்குக் கீழிருந்து மேலே வராது, ஒலியோ அந்தச் சாயப் போர்வையைத் தாண்டி அடியில் கிடக்கும் நாளத்தைக் காட்டும். சில மையங்களில் நுண்குமிழிக் கரைசலை விரலிடுக்குகளின் தோலுக்குள் மிகச் சிறிய அளவில் செலுத்தி, அது நாளத்தில் ஏறும் பாதையை, குமிழிகளை மட்டும் பளிச்சென்று காட்டும் மாறுபாட்டு முறையில் பின்தொடர்கிறார்கள். இது அந்தக் கரைசலுக்கு வழக்கமாக அனுமதிக்கப்பட்ட பயன்பாட்டுக்கு வெளியே நடப்பது. நோயாளியின் ஒப்புதலும் ஒவ்வாமைக்கான முன்னேற்பாடும் இன்றிச் செய்யலாகாது.

யானைக்கால் நோயில் ஒரு தனிக் காட்சி

ஃபைலேரியா தொற்றில் முதிர்ந்த புழுக்கள் நிணநீர் நாளத்துக்குள்ளேயே வாழ்கின்றன. உயிருள்ள புழுக்கள் விரிந்த நாளத்தினுள் இடைவிடாமல் நெளிவதை அல்ட்ராசவுண்டில் நேராகவே பார்க்கலாம். பிரேசிலில் 1994-இல் விவரிக்கப்பட்ட இதை ஃபைலேரியா நடனம் என்று அழைக்கிறார்கள். ஆண்களிடம் விதைப்பையின் நாளங்களில் இது மிக எளிதில் அகப்படும். ஆகவே யானைக்கால் ஐயமுள்ள ஆணுக்குக் காலோடு நிறுத்தாமல் விதைப்பையையும் பார்க்க வேண்டும். தமனித் துடிப்பைப் போல ஒழுங்கான தாளம் இதில் இருக்காது. புழுக்களின் கூடு பல நாட்கள் அதே இடத்தில் இருப்பதால், மருந்து கொடுத்த பிறகு அதே புள்ளியைத் திரும்பப் பார்த்து அசைவு நின்றதா என்று அறியவும் முடியும். நெடுநாள் வீங்கித் தடித்த காலில் இந்த அசைவு பெரும்பாலும் தெரியாது. அதனால் அது தென்படாதது தொற்று இல்லை என்பதற்குச் சான்றல்ல.

அறிக்கை

அறிக்கையில் புரோபின் அதிர்வெண், நோயாளியின் படுக்கை நிலை, நேரம், அழுத்த உறை கழற்றிய இடைவெளி, அளந்த இடங்களின் தூரம் ஆகியவை இருக்கட்டும். இவை இல்லாவிட்டால் அடுத்த முறை பார்ப்பவருக்கு உங்கள் எண்கள் பயன்படாது. ஆழ்சிரைகள் திறந்திருக்கின்றனவா என்பதைத் தனி வரியில் எழுதுங்கள். ஒவ்வொரு நாளத்துக்கும் அதை எந்தெந்தச் சோதனையால் நாளம் என்று முடிவு செய்தீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். உறுதியாகத் தெரியாததை ஐயத்துக்குரியது என்றே எழுதுங்கள். நிலைப்படத்தைவிட, மேலும் கீழும் ஓட்டிய சிறு வீடியோவைச் சேமிப்பது மேல்.

வாய்ப்புக் கிடைத்தால் அறுவை அரங்குக்குப் போய், நீங்கள் வைத்த புள்ளிக்குக் கீழே நுண்ணோக்கியில் என்ன வெளிப்படுகிறது என்று பாருங்கள். அது சிரையாக இருந்துவிட்டால், சேமித்த வீடியோவை மீண்டும் ஓட்டி, அது வேறொரு சிரையில் சேர்ந்த இடத்தை எந்த நொடியில் தவறவிட்டீர்கள் என்று தேடுங்கள்.